கூத்தாடிக்கு ஓட்டுப் போட்ட முட்டாள்கள்

டிரம்ப் ஜெயித்தால் நம்ம ஊரில் சிரிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2016-ல் சிரித்தார்கள். 2024 நவம்பரில் அதே மனிதர் மறுபடி ஜெயித்தபோது, எங்கள் விடுதி மெஸ் டி.வி. முன்னாடி தட்டும் கையுமாக நின்று மறுபடி சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை இப்படிச் சொல்லும்: "டி.வி. ஷோ நடத்துனவனைப் போய் ஜனாதிபதி ஆக்கியிருக்கான் பாரு. அமெரிக்காக்காரன் இவ்ளோ மடையனா?" இரண்டாம் வகை கொஞ்சம் விவரம் தெரிந்தது: "அவனை ஏன் மச்சி சொல்றே? எம்.ஜி.ஆர். காலத்துலேர்ந்து நாமளும் அதைத்தானே பண்றோம். கூத்தாடிக்கு ஓட்டுப் போடுற கூட்டம்." பிறகு இரண்டு வகையும் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு தீர்ப்பு எழுதும்: "படிச்சவனுக்கு மட்டும்தான் ஓட்டுரிமை கொடுக்கணும்."

மூன்று வாக்கியம். மூன்றும் தப்பு. முதல் இரண்டும் கணக்குத் தெரியாததால் வந்த தப்பு. மூன்றாவது, நான் பிறந்த மலையில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லக்கூடாத தப்பு. அதற்கான காரணம் கடைசியில் வரும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஒரு டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரி டீயாக இருந்தால் எங்கள் ஊருக்கும் ரெண்டு காசு.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "அப்ப விஜய் பற்றி என்ன சொல்றே?" என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லப் போவதில்லை. சூடாக இருக்கும் விஷயத்தில் கை வைத்தால் நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கட்சி கட்டிக்கொள்வோம், விஷயம் காணாமல் போய்விடும். 2021 சட்டமன்றத் தேர்தல் வரைக்கும் நடந்து முடிந்து ஆறிப்போன கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாதத்துக்கு அதுவே போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சினிமாவிலிருந்து ஆட்சிக்கு வருவது தமிழனுக்கு மட்டுமே உள்ள வியாதி என்பது முதல் புரளி. 1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் ரொனால்டு ரீகன் என்ற ஹாலிவுட் நடிகர் கலிஃபோர்னியாவின் கவர்னராகப் பதவியேற்றார். மார்ச்சில் இங்கே நாடக ஆசிரியரும் திரைக்கதை வசனகர்த்தாவுமான அண்ணாதுரை முதலமைச்சர் ஆனார். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு மாதம்தான் இடைவெளி. இதில் இன்னொரு தமாஷ். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சப் ஃபெல்லோஷிப் என்று ஒரு கௌரவம் உண்டு. 1967 டிசம்பரில் ரீகன் அதற்காக யேல் போனார். 1968-ல் அண்ணா போனார். ஆக, நடிகரையும் வசனகர்த்தாவையும் பெரிய படிப்புப் படித்தவர்களே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மெஸ் டி.வி. முன்னாடி நிற்பவர்களுக்கு மட்டும்தான் அவர்கள் கூத்தாடிகள்.

இரண்டாவது புரளி இன்னும் பெரியது: "நடிகன் நின்னா போதும், ஜனங்க கண்ணை மூடிக்கிட்டு குத்துவாங்க." இதை எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். எண்ணுவோமா?

சிவாஜி கணேசன். நடிப்பில் இவருக்கு மேல் ஆள் உண்டா? 1988-ல் தனிக்கட்சி ஆரம்பித்தார். 1989 தேர்தலில் அவர் கட்சி ஒரு இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. திருவையாறில் அவரே தோற்றார். அதே தேர்தலில் வி.என்.ஜானகி ஆண்டிப்பட்டியில் தோற்றார். அவர் எம்.ஜி.ஆரின் மனைவி, அவரே பழைய கதாநாயகி, அதற்கு முந்தைய வருஷம்தான் முதலமைச்சராக இருந்தவர். நின்றது எம்.ஜி.ஆரின் சொந்தத் தொகுதியில். இத்தனை தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தும் ஜனங்கள் போடவில்லை.

ஜெயலலிதா 1991-ல் அமோகமாக ஜெயித்தார். 1996-ல் பர்கூரில் அவரே தோற்றார், கட்சிக்குக் கிடைத்தது நான்கே இடம். ஐந்து வருஷத்தில் அவர் முகம் மாறவில்லை, அவர் நடித்த படங்களும் மாறவில்லை. மாறியது என்ன என்று யோசியுங்கள்.

ரஜினிகாந்த் 2004 மக்களவைத் தேர்தலில் பா.ம.க.வுக்கு எதிராக வெளிப்படையாகவே பேசினார். பா.ம.க. நின்ற எல்லா இடத்திலும் ஜெயித்தது. 1996-ல் அவர் வாய்ஸ்தான் ஆட்சியை மாற்றியது என்று இன்னும் பேசுகிறவர்கள், 2004-ல் அந்த வாய்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று சொல்ல வேண்டும்.

விஜயகாந்த் 2006-ல் தனியாக நின்று விருத்தாசலத்தில் ஜெயித்தார். கட்சிக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வந்தது. 2011-ல் கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016-ல் உளுந்தூர்பேட்டையில் அவரே தோற்றார், கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. அதே கேப்டன், அதே சிவந்த கண். ஜனங்கள் ஏற்றினார்கள், வைத்துப் பார்த்தார்கள், இறக்கிவிட்டார்கள். கமல்ஹாசன் 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார்.

பக்கத்து மாநிலம்? ஆந்திராவில் என்.டி.ஆர். கட்சி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆவதற்குள் 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். சபாஷ். அதே மாநிலத்தில் சிரஞ்சீவி 2009-ல் 18 இடம்தான் வாங்கினார், 2011-ல் கட்சியையே காங்கிரசில் கரைத்தார். ஒரே மொழி, ஒரே தியேட்டர், ஒரே விசில். ஒருவருக்கு நாற்காலி, இன்னொருவருக்கு இல்லை.

இவ்வளவுக்கும் அப்புறம் "நடிகனைக் கண்டா ஓட்டுப் போட்டுடுவான்" என்று சொல்கிறவரைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர் என்பேன்.

இப்போது எம்.ஜி.ஆரையே எடுத்துக்கொள்வோம். இந்த வாதத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அவர்தானே.

1977-ல் "தமிழ்நாடே சினிமா மயக்கத்தில் விழுந்தது" என்பார்கள். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. வாங்கிய ஓட்டு சுமார் முப்பது சதவீதம். நான்கு முனைப் போட்டி, அதனால் 234-ல் 130 இடம் கிடைத்தது. அதாவது ஓட்டுப் போட்ட பத்துப் பேரில் ஏழு பேர் எம்.ஜி.ஆர். கட்சிக்குப் போடவில்லை. மயக்கத்தில் விழாத அந்த ஏழு பேரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்த மூன்று பேரும் நேற்றுப் படம் பார்த்துவிட்டு இன்று போட்டவர்கள் இல்லை. எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953. முதலமைச்சர் ஆனது 1977. நடுவில் இருபத்து நான்கு வருஷக் கட்சி வேலை, ஊர் ஊராகக் கூட்டம், தெருவுக்குத் தெரு மன்றம். இதை "சினிமா பார்த்து ஓட்டு" என்று சொல்வது, ஒருவன் இருபத்து நான்கு வருஷம் உழுததைப் பார்க்காமல், வயலுக்குப் பக்கத்தில் போஸ்டர் ஒட்டியிருந்ததால்தான் விளைந்தது என்று சொல்வதைப் போன்றது.

அதைவிட முக்கியம் 1980. அந்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது தமிழ்நாட்டின் 39-ல் இரண்டே இரண்டு. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக உட்கார்ந்திருக்கும்போதே இந்த அடி. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதே கட்சி 129 இடம் வாங்கி மறுபடி ஆட்சிக்கு வந்தது. நடுவில் இருந்தது ஐந்து மாதம்கூட இல்லை. அதற்குள் ஜனங்கள் மயக்கம் தெளிந்து மறுபடி மயங்கினார்களா?

நடந்தது இது. 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு வருஷம் 9,000 ரூபாய் என்று வருமான வரம்பு கொண்டு வந்தது. அதற்கு மேல் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை. எதிர்ப்பு வலுத்தது. ஜனவரியில் ஜனங்கள் அடித்தார்கள். அடி வாங்கியதும் எம்.ஜி.ஆர். வரம்பை நீக்கினார். நீக்கியதோடு நிற்காமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். அப்புறம் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் இவை எல்லாமே ஜனங்கள் மனதில் இருந்தன. தோல்விக்கும் வெற்றிக்கும் இந்த ஒன்று மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, கூட்டணிக் கணக்கும் இருந்தது. ஆனால் ரசிகன் இப்படிச் செய்ய மாட்டான். தலைவன் செய்ததைப் பார்த்து அடித்து, திருத்தி, பிறகு தூக்கிவிடுவது குடிமகன் செய்கிற வேலை.

இது எனக்கு ஊர்க்கதை இல்லை, வீட்டுக்கதை. எங்கள் படுகர் சமூகம் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. எங்கள் ஊர் இத்தலாரில் அரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒருவன் கல்லூரிக்கு வருகிறான் என்றால், அவன் பின்னால் அந்த சதவீதம் இருக்கிறது. "படிச்சவனுக்கு மட்டும் ஓட்டு" என்று சொல்லும் நண்பர்களில் பாதிப் பேரைப் படிக்க வைத்ததே படிக்காதவர்கள் போட்ட ஓட்டுதான்.

இனி அமெரிக்கா. ரீகன் படத்திலிருந்து நேராக வெள்ளை மாளிகைக்குப் போனார் என்று நினைக்கிறோம். அவர் நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக டி.வி. நிகழ்ச்சி நடத்தியபடியே, அந்தக் கம்பெனியின் ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளிகளிடம் பேசினார். எட்டு வருஷம் கவர்னர். 1968-லும் 1976-லும் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று சொந்தக் கட்சியிலேயே தோற்றார். 1980-ல்தான் ஜெயித்தார். நம்ம எம்.ஜி.ஆரின் இருபத்து நான்கு வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

டிரம்ப் கதை வேறு. கவர்னர் பதவி கிடையாது, கட்சி வேலை கிடையாது. 2004-லிருந்து "தி அப்ரண்டிஸ்" நிகழ்ச்சியில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை வேலையை விட்டு அனுப்பினார், அது அவரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. மறுக்கவில்லை. ஆனால் டி.வி. அறிமுகம் மட்டும் போதும் என்றால், 2024-ல் எதிர்ப்பக்கம் யார் யார் நின்றார்கள்? டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு என்று அறிவித்தார். பியான்சே ஹூஸ்டனில் மேடை ஏறினார். 2016-ல் ஹிலாரிக்காகவும் இப்படித்தான் பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் கச்சேரி நடத்தினார்கள். நட்சத்திரக் கணக்குப்படி பார்த்தால் இரண்டு முறையும் டிரம்ப் டெபாசிட்டே இழந்திருக்க வேண்டும். (மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம் கோயிலில் கமலாவுக்காகப் பூஜையும் நடந்தது. அம்மா வழித் தாத்தா ஊராச்சே. சாமியும் தலையிடவில்லை.)

டி.வி. சீரியல் கதையும் இதேதான். "தி வெஸ்ட் விங்" என்று ஒரு சீரியல் 1999 முதல் 2006 வரை ஓடியது. படித்த, பண்பான, நியாயமான ஒரு டெமாக்ரடிக் கட்சி ஜனாதிபதியைப் பற்றிய கதை. விருதுகளாகக் குவித்தது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே 2000-லும் 2004-லும் ஜார்ஜ் புஷ் ஜெயித்தார். ஜனங்கள் சீரியலை சீரியலாகப் பார்த்தார்கள், ஓட்டை ஓட்டாகப் போட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது பார்க்கிறவர்கள் இல்லை, பார்க்கிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள்.

2016-ல் டிரம்ப் ஹிலாரியைவிட நாடு முழுக்க கிட்டத்தட்ட 29 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கினார். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் என்ற மூன்று மாநிலங்களில் மொத்தமாகச் சேர்த்து சுமார் 78 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கியதால், அந்த ஊர் எலெக்டோரல் காலேஜ் கணக்கில் ஜெயித்தார். ஆலைகள் மூடிய பகுதிகள் நிறைய உள்ள மாநிலங்கள் அவை. அங்கே இருந்தவனிடம் போய் "உனக்கு என்ன குறை" என்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில், ஹிலாரி 2016 செப்டம்பரில் நியூயார்க்கில் நன்கொடையாளர்கள் கூட்டத்தில் பேசும்போது, டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிவானவர்கள் என்று ஒரே கூடையில் போட்டார். கூடையில் விழுந்தவன் கூடையை நினைவில் வைத்துக்கொண்டான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தி.மு.க.வைப் பார்த்து "கூத்தாடிகள்" என்று மேடைக்கு மேடை சொன்னார்கள் காங்கிரஸ்காரர்கள். 1967-ல் காமராஜரையே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அதற்கப்புறம் 2021 வரை நடந்த தேர்தல்களில் ஒன்றில்கூட காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியைப் பிடிக்கவில்லை. கூத்தாடி என்று சொன்னது நடிகர்களைத்தான். ஆனால் காதில் விழுந்தது, கூத்துப் பார்க்கப் போகிறவனுக்கு.

இங்கே விவரமான ஒருவர் எழுந்து நிற்பார். "எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் 'தி இமேஜ் ட்ராப்' என்று புத்தகமே எழுதியிருக்கிறாரே? எம்.ஜி.ஆர். ஆட்சியின் சுமையைச் சுமந்தது ஏழைகள், ஆனாலும் அந்த ஏழைகளே அவரைக் கொண்டாடினார்கள், காரணம் திரையில் கட்டிய பிம்பம் என்று காட்டியிருக்கிறாரே?"

நல்ல புத்தகம். எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பற்றி அவர் வைக்கும் குற்றச்சாட்டுகளில் பலவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. 1981-ல் மதுவிலக்கைத் தளர்த்தியதும், 1983-ல் டாஸ்மாக்கை ஆரம்பித்ததும் எம்.ஜி.ஆர். அரசுதான். திரையில் குடிக்காத வாத்தியாரின் ஆட்சியில் சாராயம் வருமானம் ஆனது. இதையெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் "பிம்பம்" என்ற ஒரே வார்த்தையால் வாக்காளரின் மனசை விளக்கிவிட முடியாது. 1982-ல் அவர் விரிவாக்கிய சத்துணவு பிம்பம் இல்லை. அது தட்டில் விழுந்த சோறு. அதைத் தின்ற பிள்ளையின் அம்மாவுக்கு அந்த ஓட்டு மயக்கம் இல்லை, கணக்கு. சாராயக் கடையில் புருஷன் விட்டதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சாப்பிட்டதும் இரண்டும் அவள் கணக்கில்தான் இருந்தன. நாம் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அவளை ஏமாளி என்கிறோம்.

"அப்ப 1984?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதே நவம்பரில் அந்த நாட்டில் ரீகன் 49 மாநிலங்களில் ஜெயித்து இரண்டாம் முறை ஜனாதிபதி ஆனார். ஒரு நடிகர் ஜெயித்த ஊரில் இன்னொரு நடிகர் படுக்கையில். அங்கிருந்து எடுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கத் திரையிடப்பட்டது. ஊருக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். இதைவிட சினிமா ஓட்டு வேறு என்ன வேண்டும்?

யோசித்துப் பாருங்கள். ஆளே இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று வதந்தி ஊர் முழுக்க. ஜனங்களின் கேள்வி ஒன்றே ஒன்று: உயிரோடு இருக்கிறாரா? அந்த வீடியோவில் வாள் சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு நோயாளி இருந்தார். கேட்ட கேள்விக்கு ஆதாரம் காட்டினார்கள். இந்திரா காந்தி கொலையான அனுதாபமும், காங்கிரஸ் கூட்டணியும் கூட இருந்தன. இதே ஜனங்கள்தான் 1986 உள்ளாட்சித் தேர்தலில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருக்கும்போதே, பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. கையில் கொடுத்தார்கள். தலைவருக்கு ஒரு கணக்கு, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கணக்கு. இவர்களையா முட்டாள்கள் என்கிறீர்கள்?

இதில் எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகுதியும் உண்டு. சமவெளிக்காரர்கள் நடிகர்களைத் திரையில் பார்த்தார்கள். நாங்கள் ரோட்டில் பார்த்தோம். "மூன்றாம் பிறை" எடுத்த கேத்தி ஸ்டேஷன் எங்களுக்கு ரயிலுக்குக் காத்திருக்கும் இடம். ஊட்டியில் ஷூட்டிங் என்பது மழை மாதிரி, வரும் போகும். எங்கள் பாட்டி படுக மொழியில் சொல்வதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மெல்லிசா ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டே ஆடுவான், கட் சொன்னதும் மூணு பேரு கம்பளியோட ஓடுவாங்க. அவன் குளிரையே அவனால தாங்க முடியலை." பாட்டி முதல் ஓட்டு போட்டது 1977-ல், இரட்டை இலைக்கு. 1996-ல் மாற்றிப் போட்டார். ஏன் என்று கேட்டால் சினிமா பேச்சே வராது. இலை விலை, ரேஷன் கடை, பஸ், ஆஸ்பத்திரி. இந்த நாலையும் விட்டு ஐந்தாவதாக ஒரு காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் ஓட்டைத்தான் என் நண்பர்கள் பிடுங்கச் சொல்கிறார்கள்.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியம்.

"படிச்சவனுக்கு மட்டும் ஓட்டு" என்பது புது யோசனை இல்லை. சிரிக்கப்படும் அந்த அமெரிக்காவிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தென் மாநிலங்களில் ஓட்டுரிமைக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கேள்வி கேட்பவர் வெள்ளைக்காரர், ஃபெயில் ஆகிறவர் கறுப்பர். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதை ஒடித்தது. இங்கேயும் வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவனுக்குத்தான் ஓட்டு. சுதந்திரம் வாங்கிய பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான் கூலிக்காரனும் எஸ்டேட் முதலாளியும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஓட்டு இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்று தெரிய வேண்டுமானால் புத்தகம் வேண்டாம், எங்கள் மலைக்கு வாருங்கள். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி பக்கம் டான்டீ தோட்டங்கள் இருக்கின்றன. அரசாங்கம் 1968-ல் அந்தத் தோட்ட வேலையைத் தொடங்கியதே இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். ஏன் வந்தார்கள்? 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள், தொடர்ந்து ஓட்டும் போனது. 1947 தேர்தலில் அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். 1952-ல் அவர்கள் கட்சிக்கு ஒருவர்கூட இல்லை. கேட்க ஆள் இல்லாமல் போனதும், 1964-ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேயிலை மூட்டையைக்கூட ஏலத்தில் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பிரிப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்களோடு ஒரே பஸ்ஸில் வருகிறார்கள்.

அதே இலங்கை மலையகத்தில்தான், நாவலப்பிட்டியில், 1917-ல் எம்.ஜி.ஆர். பிறந்தார். அங்கேயே வளர்ந்து தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தால் அவருக்கும் ஓட்டு இல்லாமல் போயிருக்கலாம். இங்கே வந்ததால் முதலமைச்சர் ஆனார். அவர் திறமை வேறு விஷயம். படிக்காதவனுக்கும் ஓட்டு இருந்த மண் இது என்பதைச் சொல்கிறேன்.

அப்படியானால் நடிகர்களைக் கேள்வியே கேட்கக்கூடாதா? நன்றாகக் கேளுங்கள். ஆனால் "நீ ஏன் நடிகன்?" என்பது கேள்வி இல்லை. வக்கீல் வரலாம், கான்ட்ராக்டர் வரலாம், தலைவர் மகன் வரலாம், நடிகர் வரக்கூடாது என்றால் அது கொள்கை இல்லை, ஜாதகம். வந்து என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் உதாரணத்தோடு முடிக்கிறேன். 2023 செப்டம்பரில் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் ஊர் ஊராக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அப்போது பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாயைத் தொடவில்லை. முப்பது ரூபாய்க்கு மேல் குறைந்தபட்ச விலை வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எம்.ஜி.ஆருக்கும் போட்டவர்கள், கலைஞருக்கும் போட்டவர்கள், எழுத்துக்காரருக்கும் நடிகைக்கும் வக்கீலுக்கும் போட்டுப் பார்த்தவர்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா இதே மாவட்டத்தில் கோடநாடு எஸ்டேட்டில் வந்து தங்குவார், அவரும் தேயிலைத் தோட்டக்காரர்தான். அவர் காலத்திலும் அவருக்கு முன்னும் பின்னும் சிறு விவசாயியின் இலை விலைக்கு ஒரு நிரந்தர வழி பிறக்கவில்லை. இதைக் கேளுங்கள். எல்லோரையும் கேளுங்கள். நடிகரை மட்டும் கேட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

டிரம்ப்பையும் அப்படியே கேளுங்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதம் வரை ஏற்றினார், திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் தவித்தன. நவம்பரில் அவரே தேயிலை, காபி போன்ற சில பொருட்களைப் பரஸ்பர வரியிலிருந்து விலக்கினார், அங்கே கடைகளில் விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்த பிறகு. கவனித்தீர்களா? டி.வி. நடிகர், உலகத்திலேயே பெரிய பதவி, யார் சொன்னாலும் கேட்காதவர் என்று பெயர். ஆனால் மளிகைக் கடையில் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தவனுக்கு அசைந்து கொடுக்க வேண்டி வந்தது. அவன் கையில் ஓட்டு இருக்கிறது. அவன் எத்தனாவது படித்தான் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே, அடுத்த முறை மெஸ் டி.வி. முன்னாடி சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், ஜெயித்தவரைப் பார்த்து. போட்டவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவன் ஏன் போட்டான் என்று அவனிடமே போய்க் கேளுங்கள். பதில் பெரும்பாலும் சினிமாவில் இருக்காது.

டிஸ்கி: நான் எந்த மன்றத்திலும் உறுப்பினர் இல்லை. இத்தலாருக்கு ஆட்டோ அனுப்ப நினைக்கும் அண்ணன்கள் கவனத்துக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து முழுக்க ஏற்றம், வண்டி சூடாகும், தண்ணீர் எடுத்துக்கொண்டு வரவும். வந்தால் டீ உண்டு.